மின்கம்பம் ஏற்க மறுத்த பைகள்

நான் எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் அதைக் குப்பைப் பைக்குள்ளிருந்து எடுத்துத்தான் வாசித்தார். பத்திரிகையில் வந்த என் பத்திகளை அவர் எட்டியும் பார்த்ததாகத் தெரியவில்லை. வேண்டாமென்று நான் கிழித்துப் போட்டவற்றைத்தான் துண்டு துண்டாகப் பொருத்தி, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, உதடு அசைய வாசித்தார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் அவருக்குப் பெயர் போஸ்ட்மாஸ்டர்.

அவர் ஒருநாளும் போஸ்ட்மாஸ்டராக இருந்ததில்லை. முப்பது வருடம் தபால் பகுதியில் வேலை பார்த்தவர்தான், ஆனால் முத்திரை விற்கும் யன்னலிலோ தந்தி மேசையிலோ அல்ல. உரியவரைச் சேராத கடிதங்கள் வந்து குவியும் அறை ஒன்று உண்டாம். முகவரி பிழைத்தவை, ஆள் வீடு மாறியவை, ஆளே இல்லாதவை. அவற்றைச் சட்டப்படி திறந்து, உள்ளே எங்காவது அனுப்பியவரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அவருக்கே திருப்பி அனுப்புவது இவர் வேலை. இளைப்பாறிய பிறகு எங்கள் ஒழுங்கையின் கடல்பக்கக் கடைசி வீட்டோடு ஒட்டிக் கட்டிய அனெக்ஸில் தனியாகக் குடிவந்தார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் ரொறொன்ரோவில்.

அவர் வந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் அழகுபடுத்தும் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. ஒழுங்கை அழகுபடுத்தல் மற்றும் நலன்புரிச் சங்கம் என்று ஒன்று தொடங்கியிருந்தோம். நானும் செயற்குழுவில் இருந்தேன், எழுதுகிறவன் என்பதால் அறிக்கை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தலைவர் ஜோசப் சேர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, துறைமுகப் பக்கம் கப்பல் கம்பனி ஒன்றில் பெரிய கிளார்க்காக இருந்து, எங்கள் ஒழுங்கையில் தனிவீடு வாங்கி வந்தவர். மகன் மெல்பேர்னில், மனைவி கல்லறையில், அவர் மட்டும் வீட்டில். குரல் மட்டும் இன்னும் துறைமுகத்தில் நின்று கப்பலைக் கூப்பிடுகிற குரல்.

சங்கத்தின் முதல் சாதனை ஒன்பது பழைய டயர்களுக்கு மஞ்சளும் சிவப்பும் பூசி, அதற்குள் குரோட்டன் செடி நட்டது. முதல் கிழமை எல்லாரும் படம் எடுத்தார்கள். இரண்டாம் கிழமை இரண்டு டயர் பூனைகளின் கழிப்பறையாகிவிட்டது. மூன்றாம் கிழமை ஒரு கார் மூன்று டயர்களின்மேல் ஏறி நின்றது, அந்தக் கார் செயற்குழு உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தமானபடியால் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

இரண்டாவது சாதனை அறிவித்தல் பலகை. ஒழுங்கையின் நடுவில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. என்ன காரணமோ, வெள்ளவத்தையில் பிறந்த எவனுக்கும் அந்தக் கம்பத்தைக் கண்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட வேண்டும் போலிருக்கும். மாநகரசபை லொறி சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்து ஹோர்ன் அடிக்கும். மீன்தலை, மரக்கறித் தோல் போன்ற உக்கும் குப்பைக்கு ஒருநாள், கடதாசி, பிளாஸ்டிக் சேரும் உக்காத குப்பைக்கு இன்னொருநாள். ஆனால் லொறி வரும் நேரத்தில் நாங்கள் குளித்துக்கொண்டிருப்போம், அல்லது எங்கள் ஃபிளாட்டின் நாலாம் மாடியிலிருந்து லிஃப்டுக்குக் காத்துக்கொண்டிருப்போம். லொறி போன பிறகு பையைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, இந்த நாடு எப்படி உருப்படும் என்று கேட்டுக்கொண்டு வேலைக்குப் போவோம்.

ஆகவே கம்பத்தடியில் மும்மொழிப் பலகை வைப்பதென்று தீர்மானித்தோம். தமிழ் வாசகத்தில் தயவுசெய்து என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்பதற்கே மூன்று கூட்டம் போனது. ஒருவழியாகப் பலகை எழும்பி, சிவப்பு நாடா கட்டி, ஜோசப் சேர் கத்தரித்துத் திறந்துவைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பற்றீஸ், ஒரு ரோல்ஸ், ஒரு துண்டு கேக் அடங்கிய பெட்டி கொடுத்தோம். பேச்சு முடிந்து ஆட்கள் கலைந்தபோது அத்தனை வெறும் பெட்டியும் அந்தப் பலகையின் காலடியில்தான் கிடந்தது. ஒரு பெட்டி என்னுடையது.

அன்றைக்குக் கூட்டத்தின் கடைசி வரிசையில் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு நின்ற ஒல்லியான மனிதரை அப்போதுதான் முதல்முறை கண்டேன். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை. என்னிடம் வந்து மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தம்பி, ஒரு கடிதம் போகவேண்டிய இடத்துக்குப் போகேல்லையெண்டால், அதை எறியிறேல்லை. திறக்கிறது. ஆர் அனுப்பினதெண்டு பாக்கிறது. அவரிட்டயே திருப்பிக் குடுக்கிறது. குப்பைக்கும் அதுதான் சட்டம்."

மனிதருக்கு ஏதோ விசர் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். அடுத்த திங்கட்கிழமை தெரிந்தது, அது விசர் அல்ல, திணைக்களம்.

காலை ஏழு மணிக்குக் கம்பத்தடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைகளில் மஞ்சள் ரப்பர் கையுறை. பக்கத்தில் கத்தரிக்கோல், பசைப் போத்தல், ஒரு கட்டுத் துண்டுச்சீட்டு. ஒவ்வொரு பையாக முடிச்சை அவிழ்ப்பார். உள்ளே தண்ணீர் பில்லோ, மருந்துச் சீட்டோ, கலியாணக் கடித உறையோ கிடந்தால் பெயரைக் குறித்துக்கொள்வார். பையை மறுபடி அழகாகக் கட்டி, ஒரு சீட்டு ஒட்டி, தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கே போய் மணி அடிப்பார். ஒழுங்கை முகப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராசிக் நானாவிடம் பிரதி எடுத்த அந்தச் சீட்டில் இப்படி இருக்கும்:

பெறுநர்: மின்கம்பம். பெறுநர் ஏற்க மறுத்தார். அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது.

முதல் பை போனது இரண்டாம் மாடி லோயர் அன்ரிக்கு. அந்த அம்மா நீதிமன்றத்தில் எதிராளியை அழவைத்தவர் என்று பெயர். கதவைத் திறந்து, சீட்டை இரண்டு தரம் வாசித்து, இது என்ன சட்டத்தின் கீழ் என்று கேட்டிருக்கிறார். போஸ்ட்மாஸ்டர் தபால் கட்டளைச் சட்டத்திலிருந்து ஏதோ ஒரு பிரிவைச் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக லோயர் அன்ரி பேசாமல் பையை வாங்கி வைத்தார். அதோடு போஸ்ட்மாஸ்டர் என்ற பெயர் நிலைத்தது. லொறியில் வரும் சிங்களத் தொழிலாளர்கள்கூட அவரைப் போஸ்ட் மஹத்தயா, தபால் ஐயா, என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

என் முறை புதன்கிழமை வந்தது. எனக்குச் சீனி வருத்தம். எண்ணெய்ப் பலகாரம் கூடாது, இனிப்புக் கூடாது, வீட்டில் என் மனைவி கூடாது என்று சொன்னால் கூடாது. ஆனால் பம்பலப்பிட்டியில் பஸ்ஸால் இறங்கும் இடத்தில் ஒரு கடை இருக்கிறதே, அங்கே மட்டன் ரோல்ஸ் கொதிக்கக் கொதிக்கத் தட்டில் வரும். சாப்பிட்ட கடதாசியை நான் கிழித்துப்போட்ட கட்டுரைக்குள் சுற்றிப் பையின் அடியில் புதைத்து அனுப்பியிருந்தேன். நான் குளித்துக்கொண்டிருக்கும்போது அது மணி அடித்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டது. வாங்கியது என் மனைவி.

வெளியே வந்தபோது அவள் மேசையில் கடதாசிகளை விரித்து வைத்திருந்தாள்.  "உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு இந்த ஒழுங்கையில எனக்கு மட்டும்தான் தெரியும் போல கிடக்கு," என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குக் குரக்கன் பிட்டு, கறுத்த கேழ்வரகு மாவில் அவித்தது.

போஸ்ட்மாஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் கோபத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, ரோல்ஸ் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் எடுத்தார். பசையால் ஒட்டிப் பொருத்திய என் கட்டுரை.

"மூண்டாவது பந்தி நல்லாத்தானே இருந்தது," என்றார். "ஏன் தம்பி கிழிச்சனீங்கள்?"

எழுதுகிறவனிடம் சண்டையை நிறுத்த இதைவிட வேறு வழியில்லை. அந்த மூன்றாம் பந்தியை வைத்து மறுபடி எழுதினேன். ஆசிரியர் அதைத்தான் நல்லது என்றார். அதிலிருந்து, உண்மையைச் சொன்னால், எழுதிப் பிடிக்காததைக் கொஞ்சம் பெரிய துண்டுகளாகவே கிழிக்கத் தொடங்கினேன்.

இரண்டு மாதத்தில் மின்கம்பத்தடி பளிச்சென்று ஆகிவிட்டது. பயத்தில் பாதிப்பேர் லொறி நேரத்துக்கு எழும்பப் பழகினார்கள். மீதிப்பேர் மூளையைப் பாவித்தார்கள். லோயர் அன்ரி வீட்டில் குப்பைக்குப் போகும் ஒவ்வொரு தாளிலும் பெயர் இருந்த இடம் சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். ராசிக் நானா கடையில் கத்தரிக்கோல் முடிந்துவிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் தங்கள் பெயர் வந்த உறைகளையெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அந்தக் கூழை எங்கே போடுவதென்று தெரியாமல் தவித்தது. மீன்பை தினமும் ஜோசப் சேர் வீட்டிலிருந்து வரும். அவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. தலைவர் என்பதால், உக்கும் குப்பை நாளோ உக்காத குப்பை நாளோ, விடிய ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிற சாட்டில் கம்பத்தடியில் வைத்துவிட்டுக் கைவீசி நடப்பார். கடற்கரையிலிருந்து திரும்பி வரும்போது அது அவருடைய கேற்றில் சீட்டோடு தொங்கும். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அடுத்த நாளும் அதே பை, அதே கேற்.

பிறகு ஒரு புத்திசாலி இன்னொரு வழி கண்டுபிடித்தான். பையில் தன் பெயர் இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, இன்னொருவர் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. இந்தப் புத்திசாலி யார் என்று வாசகர்கள் மண்டையை உடைக்க வேண்டாம். நான்தான்.

நடந்தது இதுதான். என் மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கல்கிசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு. நான் ஒரு மட்டன் புரியாணி எடுப்பித்துச் சாப்பிட்டேன். எலும்பும் பெட்டியும் மிஞ்சின. அதே கிழமை ஜோசப் சேருக்கு வந்த மாதா கோயில் சஞ்சிகை ஒன்று தவறி எங்கள் கடிதப்பெட்டியில் விழுந்திருந்தது. சஞ்சிகையை அவர் கேற்றுக்குள் செருகிவிட்டேன். அவர் பெயர் இருந்த உறையை மட்டும் புரியாணிப் பைக்குள் போட்டேன். எனக்குத் தோன்றிய நியாயம் இது: என் பை திரும்பி வந்தால் திறந்து பார்க்க ஒரு மனைவி இருக்கிறாள், ஜோசப் சேருக்கு அந்தத் தொல்லை இல்லை. அது தவக்காலம் என்பதோ, நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை என்று அவர் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார் என்பதோ அந்த நேரத்தில் என் மண்டையில் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பை உரிய மரியாதையோடு ஜோசப் சேர் வீட்டுக்குப் போனது. வரவேற்பறையில் அவருடைய பங்குத் தந்தை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பை நைந்த சொப்பிங் பை. வாசற்படியில் வைக்கும்போது அடி பிய்ந்தது. ஆட்டெலும்புகள் ஒவ்வொன்றாக உருண்டு ஃபாதரின் சப்பாத்து வரைக்கும் போயினவாம். ஃபாதர் மேலே சுவரில் இருந்த சிலுவையை ஒரு தரம் பார்த்துவிட்டு, தேநீரை வைத்துவிட்டு எழுந்தாராம்.

ஜோசப் சேரின் குரல் அன்று ரயில் பாதைக்கு அப்பால் கடல்வரைக்கும் கேட்டது. "நாப்பது நாளா எறைச்சிய மோந்துகூடப் பாக்கல்ல மேன் நான்! ஃபாதர் முன்னால என்னைக் கள்ளனாக்கிட்டான்."

பின்னேரமே மகஜர் ஒன்று தயாரானது. பிறர் குப்பையைத் திறப்பது அந்தரங்கத்தை மீறும் செயல், போஸ்ட்மாஸ்டர் இனிமேல் எவருடைய பையையும் தொடக்கூடாது, தொட்டால் அனெக்ஸ் உரிமையாளரிடம் சொல்லி அவரை ஒழுங்கையை விட்டே எழுப்புவது. எழுதிக் கொடுத்தவன் நான். என்னைவிட நல்ல தமிழ் அந்தச் செயற்குழுவில் யாருக்கும் வராது. கீழே முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

ஃபிளாட்டின் கார் தரிப்பிடத்தில் கூட்டம். போஸ்ட்மாஸ்டர் வெள்ளை முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு, எங்களுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எல்லாரும் ஆளுக்கு ஒன்றாகக் குற்றம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், யார் வீட்டில் போத்தல் காலியாகிறது, எல்லாம் இவருக்குத் தெரியும், நாளைக்கு ஊரெல்லாம் சொல்லுவார் என்றார்கள். லோயர் அன்ரி எழுந்து நின்று கேட்டார்: அந்தப் புரியாணி உண்மையில் ஜோசப் சேருடையதுதானா, அல்லது வேறு யாருடையதாவதா என்று உங்களுக்குத் தெரியுமா?

நான் மகஜரில் எழுத்துப்பிழை தேடத் தொடங்கினேன். போஸ்ட்மாஸ்டர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"தபால் பகுதியில சேரேக்க சத்தியம் செய்தனான்," என்றார். "உறைக்குள்ள கண்டதை வெளியில சொல்லக் கூடாது. இந்த ஒழுங்கையில ஆர் என்ன சாப்பிட்டது எண்டு நான் ஆருக்கும் சொன்னனானோ, சொல்லுங்கோ பாப்பம்."

 அத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வீட்டுக் கதை இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. அதை யோசித்து வெட்கப்படவேண்டிய நாங்கள், அதையும் ஒரு திமிராக எடுத்து, தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினோம். எவருடைய குப்பைப் பையையும் இனித் தொடமாட்டேன் என்று எழுதிய தாளில் அவர் கையெழுத்து வைத்தார். ஒழுங்கையை விட்டால் போக அவருக்கு வேறு இடமில்லை என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கையெழுத்து அச்சடித்த மாதிரி அழகாக இருந்தது.

மறுநாளிலிருந்து மின்கம்பம் பழைய வாழ்க்கைக்குத் திரும்பியது. ஒரே கிழமையில் பைகள் பலகையின் கழுத்துவரை ஏறிவிட்டன. காகங்களுக்கு வாட்ஸ்அப் இல்லாமலே செய்தி போய்ச் சேர்ந்தது. சங்கம் அவசரமாகக் கூடி இரண்டாவது பலகை வைப்பதென்று முடிவெடுத்தது. போஸ்ட்மாஸ்டர் முக்காலியைத் தன் அனெக்ஸ் வாசலில் போட்டு, கைகளை மடியில் வைத்து, கம்பத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கையுறை பக்கத்துக் கம்பியில் காயும். அந்தப் பக்கமாகப் போகும்போது நான் கைபேசியில் யாரோடோ கதைப்பதுபோல் நடித்துக்கொண்டு போவேன். பாழாய்ப்போன புரியாணி எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

இப்படி மூன்று கிழமை போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. போஸ்ட்மாஸ்டர். கையில் பை இல்லை.

"தம்பி, ஜோசப் சேரின்ர பை ரெண்டு நாளா வரேல்லை," என்றார்.

"நல்லதுதானே. திருந்தியிருப்பார்."

"அவர் திருந்திற ஆளில்லை."

"நீங்கள் பை ஒண்டையும் தொடுறேல்லை எண்டு எழுதிக் குடுத்தனீங்கள்."

"தொடேல்லை. பாத்தனான். முடிச்சைப் பாத்தாலே எனக்குத் தெரியும். அவர் பையின்ர ரெண்டு காதையும் சேத்து இறுக்கி ஒரு சுருக்கு வைப்பார், கப்பல் கயிறு கட்டுற மாதிரி. செவ்வாய்க்கிழமை கிடந்தது. நேற்று இல்லை, இண்டைக்கும் இல்லை. மீன் இல்லாமல் அந்த மனுசன் ஒருநாள் இருக்காது."

நீர்கொழும்பு போயிருப்பார், மகன் வந்திருப்பான், எங்காவது தியானத்துக்குப் போயிருப்பார் என்று நான் அடுக்கினேன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டுப் பார்த்தேன். தலைவர் இரண்டு நாளாகக் குப்பை போடாமல் எங்களுக்கு முன்மாதிரியாக இருக்கிறார் என்று ஒருவர் எழுத, ஏழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அதைக் காட்டினேன். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை இறக்கி அந்தக் கைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதில ஜோசப் சேர் ஒண்டும் போடேல்லையே," என்றார். "தன்னைப் புகழ்ந்தால் உடன நன்றி சொல்லுற மனுசன்."

அது உண்மை. குட் மோர்னிங் படத்துக்கே நன்றி சொல்லுகிறவர்.  இருவரும் இறங்கி ஓடினோம்.

கேற் பூட்டியிருந்தது. கேற்றுக்குமேல் எட்டிப் பார்த்தால் வாசலில் இரண்டு நாள் பேப்பர் கிடந்தது. அவருடைய கைபேசிக்கு எடுத்தேன். வீட்டுக்குள்ளே மணி அடிப்பது வெளியே கேட்டது. எடுக்க ஆளில்லை. கூட்டம் சேர்ந்தது. சேர்ந்த கூட்டம் வழமைபோல யோசனை சொன்னது. பொலிசுக்குச் சொல்லிவிட்டுத்தான் உடைக்கவேண்டும் என்றார் ஒருவர், மகனிடம் கேட்கவேண்டும் என்றார் இன்னொருவர், இப்போது மெல்பேர்னில் என்ன நேரம் என்று ஒரு விவாதம் தொடங்கியது. நாங்கள் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, போஸ்ட்மாஸ்டர் ராசிக் நானாவின் கடைக்குப் போய் இரும்பு அலவாங்கோடு வந்தார். நானாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

"தள்ளுங்க எல்லாரும். மனிசன் மௌத்தாப் போனாப் பொறவா கூட்டம் வெக்கிற?" என்றார் நானா. அவரும் போஸ்ட்மாஸ்டரும் சேர்ந்து இரண்டே நெம்பில் கேற்றையும், இன்னும் இரண்டில் கதவையும் திறந்தார்கள்.

குளியலறைத் தரையில் ஜோசப் சேர் கிடந்தார். புதன் விடியற்காலை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. கை எட்டிய வாளியில் இருந்த தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தே ஒரு பகலும் இரவும் தாண்டியிருக்கிறார். துறைமுகத்துக்கே கேட்கும் அந்தக் குரல் கத்திக் கத்தி வற்றிப்போயிருந்தது. இன்னொரு நாள் விட்டிருந்தால் தப்பியிருக்க மாட்டார் என்று டொக்டர் பிறகு சொன்னார். தலையை மடியில் தூக்கி வைத்திருந்த போஸ்ட்மாஸ்டரை அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எப்படி மேன் தெரியும் ஒனக்கு?"

"உங்கட மீன்முள்ளு வரேல்லை, சேர்."

ஜோசப் சேர் அழுதார். நான் அதற்குமுன் அவர் அழுது கண்டதில்லை. நானும் அழுதேன், ஆனால் என் கண்ணீருக்குக் காரணம் இடுப்பெலும்பு மட்டும் அல்ல. அம்புலன்ஸில் ஏற்றும்போது தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புரியாணி என்னுடையது சேர் என்று சொல்லிவிட்டேன். ஊசி போட்ட மயக்கத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. பக்கத்தில் நின்ற லோயர் அன்ரிக்குக் கேட்டது. என் மனைவிக்கும் கேட்டது. மறுபடி குரக்கன் பிட்டு, இந்தமுறை ஒரு மாதம்.

ஆறு கிழமைக்குப் பிறகு ஜோசப் சேர் நாலுகால் தடியோடு வீடு வந்தார். வந்த அன்றே சங்கத்தின் கோப்பிலிருந்து போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து வைத்த தாளை எடுப்பித்து, எல்லார் முன்னாலும் நாலாகக் கிழித்து, ஒரு பையில் போட்டுத் தன் கப்பல் சுருக்கை வைத்து, கம்பத்தடியில் வைக்கச் சொன்னார். ஒழுங்கையே கைதட்டியது. அடுத்த நாள் காலை அந்தப் பை அவர் கேற்றில் தொங்கியது. சீட்டில் அழகான எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: கடதாசி உக்காத குப்பையோடு சேரும். நேற்று உக்கும் குப்பை நாள்.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முன்பு பெயரை வெட்டி எடுத்த அதே வீடுகளில் இப்போது பைக்கு மேலேயே பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், தாய்தகப்பன் தனியே என்று எங்கள் ஒழுங்கையில் எத்தனை கதவு இருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது. பையைக் கம்பத்தில் வைக்காமல், லொறி நேரத்துக்கு இறங்கி வந்து, போஸ்ட்மாஸ்டர் கண்ணில் படும்படி காட்டிவிட்டுத்தான் போடுவார்கள். லோயர் அன்ரி ஒருநாள் கண்டி போகவேண்டியிருந்து, நாளைக்கு என் பை வராது, தேட வேண்டாம் என்று முதல்நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார். கம்பத்தடியில் ஒரு கடதாசித் துண்டும் இல்லாமல் போனது. இது தங்கள் இரண்டாவது பலகையின் பலன் என்று சங்கம் ஆண்டறிக்கையில் எழுதியது. எழுதியவன் யாரென்று சொல்லத் தேவையில்லை.

போன வருடம் மகள் வந்து அவரைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டுக்கு விடைபெற வந்தார். எனக்கு அதுவரை கேட்கத் துணிவு வராத கேள்வியைக் கேட்டேன். அந்தக் கூட்டத்திலேயே புரியாணி யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?

"அவிழ்க்கேக்கயே தெரியும்," என்றார். "ஒரு காதைப் பெரிசாயும் மற்றதைச் சின்னனாயும் விட்டுக் கட்டுறது இந்த ஒழுங்கையில நீங்கள் ஒராள்தான்."

"அப்ப ஏன் ஜோசப் சேர் வீட்டை கொண்டுபோனனீங்கள்?"

"உள்ள அவரின்ர விலாசம் இருந்ததே, தம்பி. முடிச்சு சாட்சியில்லை. விலாசம்தான் சட்டம்."

இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது? கட்டிப்பிடிக்கலாம் என்றால் அவருக்குக் கூச்சம். என் மனைவி வடை சுட்டுக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று தந்தாள்.

இடையிடையே தொலைபேசியில் கதைப்பார். அங்கே வீட்டுக்கு வீடு மூன்று நிறத்தில் தொட்டி இருக்கிறதாம். எல்லாரும் சரியான தொட்டியில் சரியானதைப் போட்டு மூடிவிடுகிறார்களாம். ஒரு பையும் வழி தவறுவதில்லையாம். "இஞ்ச எனக்கு ஒரு வேலையும் இல்லை, தம்பி," என்கிறார். எங்கள் கம்பம் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார். சுத்தமாக இருக்கிறது என்று சொல்லுவேன். ஜோசப் சேர் அவருடைய முக்காலியில் நாலுகால் தடியோடு உட்கார்ந்து காலையில் பைகளைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதையும் சொல்லுவேன். அவர் முடிச்சைப் பார்க்கத் தெரியாமல் ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்து ஆள் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதை மட்டும் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதி எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய துண்டுகளாகக் கிழித்து, என் பெயர் உள்ள உறை ஒன்றோடு சேர்த்துப் பையில் போட்டு, ஒரு காதைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் விட்டுக் கட்டி, விடிய ஆறு மணிக்கு மின்கம்பத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு குளிக்காமல் வாசல் மணிக்குப் பக்கத்திலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பந்தி நல்லாத்தானே இருந்தது என்று சொல்ல எனக்கு இப்போது ஆளில்லை.